முசஃபா பக்கம்: வெயிலில் ஆர்டர் போடலாமா, வேண்டாமா?

போன மாதப் பக்கத்தைப் படித்துவிட்டு, கலீஃபா சிட்டியில் இருக்கும் ஒரு சகோதரி ஆசிரியர் மூலமாக ஒரு கேள்வி அனுப்பியிருந்தார். "வெளியில 47 டிகிரி. வீட்ல ரெண்டு சின்னப் பிள்ளைங்க. எனக்கும் வீட்ல இருந்தே ஆபீஸ் வேலை. மதியம் சாப்பாடு ஆர்டர் போட்டா, பாவம், ஒரு பையன் வெயில்ல வெந்து வர்றானேன்னு மனசு உறுத்துது. போடாம விட்டா அவருக்கு வருமானம் போயிடுமோன்னும் தோணுது. நீங்க ஆறு வருஷமா பைக் ஓட்டுறவர். நீங்களே சொல்லுங்க, போடலாமா, வேண்டாமா?"

நல்ல கேள்வி. இதை எங்க ஷாபியா ரூமில் ஒரு ராத்திரி சாப்பாட்டு நேரத்தில் போட்டுப் பார்த்தேன். மொத்தம் ஆறு பேர், எல்லாருமே பைக்காரர்கள். நாலு பேர் "போடச் சொல்லுங்கண்ணே, இல்லாட்டி ஊருக்கு எதை அனுப்புறது?" என்றார்கள். எங்களில் மூத்தவரான கீழக்கரைக் காக்கா மட்டும், "வெயில்ல போடலாம். மழையில போடக் கூடாது" என்றார். அறந்தாங்கித் தம்பி எதுவும் பேசாமல் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தான். அவன் ஏன் பேசவில்லை என்று பின்னால் சொல்கிறேன்.

முசஃபாவைத் தெரியாதவர்களுக்காக இரண்டு வரி. அபுதாபித் தீவிலிருந்து பாலம் தாண்டி வந்தால் வரும் தொழிற்பேட்டை இது. எம்-1, எம்-2 என்று எண் போட்ட பகுதிகளில் கராஜ், ஸ்பேர் பார்ட்ஸ் கடை, இரும்பு யார்டு, குடோன். அந்தப் பக்கம் தொழிலாளர் கேம்ப். இந்தப் பக்கம் குடும்பங்களும் பேச்சிலர்களும் கலந்து இருக்கும் ஷாபியா. அதை ஒட்டி வில்லாக்கள் நிறைந்த முகமது பின் சாயித் சிட்டி. எங்க ஆர்டர் எல்லாம் இந்த மூன்றுக்கும் நடுவில்தான் ஓடும். கராஜ் ஓரத்தில் ரோட்டில் ஆயில் கசிந்திருக்கும். லாரி போகும் ரோட்டில் மணல் கொட்டிக் கிடக்கும். நல்ல நாளிலேயே இரண்டு சக்கரத்தில் போகிறவன் பார்த்துப் போகவேண்டிய ஊர். மோசமான நாளில் கேட்கவே வேண்டாம்.

முதலில் வெயில். 2025 மே 23-ஆம் தேதி இங்கே பக்கத்தில் அல் ஷவாமிக்கில் 50.4 டிகிரி பதிவானது. மறுநாள் ஸ்வைஹானில் 51.6. ஆகஸ்ட் முதல் தேதி அதே ஸ்வைஹானில் 51.8. செய்தியில் வரும் இந்த எண்ணெல்லாம் நிழலில், காற்றோட்டமான பெட்டிக்குள் வைத்த கருவியில் எடுப்பது. நாங்க நிழலில் இல்லை. கீழே தார் ரோடு, அது காற்றைவிட ரொம்பவே சூடு. கால் நடுவில் எஞ்சின், தலையில் ஹெல்மெட், உடம்பில் கம்பெனி ஜாக்கெட், முதுகுக்குப் பின்னால் பெட்டி.

"பைக்கில போனா காத்து வருமே" என்று ஊரில் கேட்பார்கள். நம்ம தோலின் சூடு சுமார் 35 டிகிரி. காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருந்தால்தான் உடம்புச் சூட்டை எடுத்துக்கொண்டு போகும். 46 டிகிரிக் காற்று எதிர்த்து அடித்தால் அது சூட்டை நம்ம உடம்புக்குள் கொண்டுவந்து சேர்க்கும். முகத்துக்கு நேரே ஹேர் டிரையரைப் பிடித்த மாதிரி இருக்கும். அந்த நேரத்தில் காப்பாற்றுவது வேர்வை ஒன்றுதான். அது வந்த வேகத்தில் காய்ந்துவிடுவதால் எவ்வளவு தண்ணீர் போனது என்று நமக்கே தெரியாது. ராத்திரி சட்டையைக் கழற்றும்போது வெள்ளை வெள்ளையாக உப்புக் கோடு இருக்கும், அதை வைத்துத்தான் கணக்கு.

ஆகஸ்டில் கதை மாறும். கடல் ஈரம் ஏறிவிடும். வேர்வை காயாமல் ஒழுகிக்கொண்டே இருக்கும். காயாத வேர்வையால் உடம்பு குளிராது. வெளிநாட்டிலிருந்து புதிதாக வரும் தம்பிகள் ஜூனுக்குப் பயப்படுவார்கள். பழைய ஆட்கள் பயப்படுவது ஆகஸ்ட் ராத்திரிக்கு.

இப்போது அறந்தாங்கித் தம்பி கதை. வந்து நாலாவது மாதம், ஜூலை. காலையிலிருந்து எனர்ஜி டிரிங்க் மட்டும் குடித்துக்கொண்டு ஓட்டியிருக்கிறான். மதியம் இரண்டு மணிக்கு ஒரு ஹோட்டலில் பார்சல் எடுக்கப் போனவன், வேறு யாருடைய பார்சலையோ எடுத்திருக்கிறான். கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் கோபமாகப் பேசியிருக்கிறான். கேஷ் கவுண்டரில் இருந்த மலையாளிச் சேட்டனுக்கு எதோ சரியில்லை என்று பட்டிருக்கிறது. சண்டை போடாமல் அவனை உள்ளே இழுத்து, ஏசிக்குக் கீழே படுக்க வைத்து, ஜாக்கெட்டைக் கழற்றி, கழுத்திலும் அக்குளிலும் ஐஸ் தண்ணீர்த் துணியைப் போட்டுவிட்டு, 998-க்கு போன் செய்திருக்கிறார். இரண்டு நாள் ஆஸ்பத்திரி. பிழைத்தான். கொஞ்சம் தாமதமாகியிருந்தால் மூளையும் கிட்னியும் போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

அந்தச் சேட்டன் செய்ததை எல்லாரும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வெயிலில் இருப்பவர் திடீரென்று குழப்பமாகப் பேசினால், காரணமில்லாமல் எரிந்து விழுந்தால், தள்ளாடினால், அது திமிர் இல்லை. உடம்புச் சூடு 40 டிகிரியைத் தாண்டி மூளையைத் தொட்டிருக்கலாம். முதலில் குளிர வைக்கவேண்டும், கூடவே ஆம்புலன்ஸுக்குச் சொல்லவேண்டும். நினைவு தெளியாதவர் வாயில் தண்ணீர் ஊற்றக் கூடாது.

தம்பிக்கு வேலை கொடுத்த கம்பெனி அவனை ஆஸ்பத்திரியில் வந்து பார்த்தது, அதைச் சொல்லத்தான் வேண்டும். ஆனால் அந்த இரண்டு நாளும், பிறகு ரூமில் படுத்திருந்த ஐந்து நாளும் அவன் கணக்கில் பூஜ்யம். எங்களில் பலருக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது. ஆர்டருக்கு இவ்வளவு என்றுதான் கணக்கு. ஆப் ஒரு கம்பெனி, விசா கொடுத்திருப்பது இன்னொரு கம்பெனி. வெயில் பற்றிக் கேட்டால் இவர் அவரைக் காட்டுவார், அவர் இவரைக் காட்டுவார். அந்த மாதம் பைக் வாடகை, பெட்ரோல், பெட் ஸ்பேஸ் வாடகை எல்லாம் போக ஊருக்கு அனுப்ப ஒன்றுமில்லை. வீட்டில் விஷயத்தைச் சொல்லவில்லை. "சம்பளம் லேட்டும்மா" என்று சொல்லிவிட்டு, காக்காவிடம் கைமாற்று வாங்கி அனுப்பினான். ரூமில் கேள்வி கேட்டபோது அவன் ஏன் பேசாமல் இருந்தான் என்று இப்போது புரிந்திருக்கும். ஆர்டர் வந்ததால் உயிருக்கு ஆபத்து. ஆர்டர் இல்லாததால் வீட்டுக்குப் பணம் இல்லை. இரண்டையும் ஒரே மாதத்தில் பார்த்தவன் அவன்.

சட்டம் என்ன சொல்கிறது? அமீரகத்தில் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை மதியம் 12.30-லிருந்து 3 மணி வரை நேரடி வெயிலில் திறந்தவெளி வேலை கூடாது. 2005-லிருந்து இருக்கும் விதி. மீறினால் ஒரு தொழிலாளிக்கு 5,000 திர்ஹம் வீதம், அதிகபட்சம் 50,000 வரை அபராதம். மீறலைப் பார்த்தால் 600590000 என்ற எண்ணில் யார் வேண்டுமானாலும் சொல்லலாம். கட்டட வேலைக்காரர்களுக்கு இது பெரிய பாதுகாப்பு. ஆனால் பைக் ஓடுவது அந்த நேரத்தில் நிற்காது. எங்களுக்காக அரசு செய்திருப்பது ஓய்வு நிலையங்கள். 2025 கோடையில் நாடு முழுக்க 10,000-க்கும் மேல் ஏசி ஓய்விடங்கள் என்று அறிவித்தார்கள். உண்மையிலேயே நல்ல ஏற்பாடு. நானே போய் உட்கார்ந்திருக்கிறேன். சில்லென்று தண்ணீர், போன் சார்ஜ் போட இடம், கால் நீட்ட ஒரு பெஞ்ச்.

சிக்கல் ஒன்றே ஒன்றுதான். கட்டட வேலை நிற்கும் அதே 12.30-லிருந்து 3 மணி, எங்களுக்கு மதியப் பீக். வெளியே போக முடியாத வெயில் என்பதால்தான் எல்லாரும் ஆர்டர் போடுகிறார்கள். காலை பத்து மணிக்கு ஓய்விடம் காலியாக இருக்கும், அப்போது ஆர்டரும் இல்லை. இரண்டு மணிக்கு உட்கார்ந்தால் அன்றைய கூலியில் பாதி போய்விடும்.

வளைகுடாவில் வேறு மாதிரியும் செய்து பார்த்திருக்கிறார்கள். கத்தாரில் 2022-ல் ஜூலை 1 முதல் செப்டம்பர் 15 வரை, காலை 10-லிருந்து மதியம் 3.30 வரை டெலிவரி பைக்கே ஓடக் கூடாது என்றார்கள். குவைத்தில் 2024 கோடையில் காலை 11-லிருந்து மாலை 4 வரை ஆகஸ்ட் கடைசி வரைக்கும் தடை. அந்த நேரத்தில் சாப்பாடு வேண்டுமென்றால் காரில் வரும். உயிரைக் காப்பாற்றும் விதி, சந்தேகமே இல்லை. ஆனால் ஆர்டருக்குக் கூலி வாங்குகிறவனுக்கு அந்த ஐந்து மணி நேரம் யார் கொடுப்பார்கள்? அதைச் சாயங்காலமும் நடுராத்திரியும் ஓட்டித்தான் ஈடுகட்டவேண்டும். என் கருத்து இதுதான்: தடை வேண்டும், கூடவே வண்டி நிற்கும் நேரத்துக்கு ஒரு அடிப்படைக் கூலியும் வேண்டும். ஒன்றில்லாமல் ஒன்று பாதி மருந்து.

நம்ம ஊரிலும் இந்தப் பேச்சு வந்துவிட்டது. தமிழ்நாடு அரசு 2023 டிசம்பரில் இணையவழித் தொழிலாளர்களுக்குத் தனி நல வாரியம் அமைத்தது. 2024-ல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதில் இறந்தால் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்று ஆணை போட்டது. 2025-ல் சென்னை மாநகராட்சி அண்ணா நகரில் டெலிவரி ஊழியர்களுக்கு ஏசி ஓய்வறை கட்டித் திறந்தது. என் மச்சான் அங்கே போய் உட்கார்ந்து ஒரு செல்ஃபி அனுப்பினான், "மாமா, இப்ப நாங்களும் அபுதாபிதான்" என்று. ஊரில் தம்பி, மச்சான் யாராவது இந்த வேலையில் இருந்தால் வாரியத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். பதிவு இல்லாமல் எந்த உதவியும் வராது.

அடுத்தது மூடுபனி. கல்ஃப் என்றால் வெயில்தான் என்று நினைக்கிறவர்களுக்கு டிசம்பர், ஜனவரி, பிப்ரவரி காலைகளைக் காட்டவேண்டும். ஐந்து மணிக்கு வெளியே வந்தால் எதிரே நிற்கும் பைக்கின் நம்பர் பிளேட் தெரியாது. ஹெல்மெட் கண்ணாடியில் வெளியே பனி, உள்ளே மூச்சு. துடைக்கக் கையை எடுத்தால் பிரேக்கில் கை இல்லை. அபுதாபி போலீஸ் அந்த மாதிரி நேரத்தில் எலக்ட்ரானிக் போர்டில் வேகத்தை 80-க்குக் குறைத்துவிடுவார்கள். ஏன் இவ்வளவு கண்டிப்பு என்றால், 2011 ஏப்ரலில் அபுதாபி – துபாய் ரோட்டில் பனியில் 127 வண்டிகள் ஒன்றன் மேல் ஒன்றாக மோதிய நாடு இது. காருக்குள் இருப்பவருக்கு இரும்பு சுற்றிலும் இருக்கிறது. பின்னால் வரும் லாரிக்கு எங்க சின்ன சிவப்பு விளக்கு கடைசி நொடியில்தான் தெரியும்.

மணல் காற்றில் கண் ஒரு பிரச்சினை, பெட்டி அதைவிடப் பெரிய பிரச்சினை. பின்னால் இருக்கும் அந்தச் சதுரப் பெட்டி பக்கவாட்டுக் காற்றுக்குப் பாய்மரம் மாதிரி. காலிப் பெட்டியாக இருந்தால் இன்னும் மோசம். பெரிய கட்டடத்தின் மறைவிலிருந்து திறந்த வெளிக்கு வரும் இடத்தில் ஒரே தள்ளு, பக்கத்து லேனுக்குப் போய்விடுவோம். அதனால்தான் காற்று நாளில் நாங்க ரோட்டோரமாக ஊர்ந்து வருகிறோம். சாப்பாடு ஆறிப்போய் வந்தால் காரணம் அது.

கடைசியாக மழை. 2024 ஏப்ரல் 16 இங்கே இருந்த யாருக்கும் மறக்காது. அல் ஐன் பக்கம் கத்ம் அல் ஷக்லாவில் ஒரு நாளுக்குள் 254.8 மில்லிமீட்டர். 1949-ல் கணக்கெடுக்கத் தொடங்கியதிலிருந்து அப்படி ஒரு மழை பதிவானதில்லை. சாதாரணமாக இங்கே வருஷம் முழுக்கப் பெய்வதைவிட இரண்டு மடங்குக்கு மேல். அவ்வளவு பெரிய மழை வேண்டாம், முசஃபாவில் பத்து நிமிஷத் தூறலே போதும். மாதக் கணக்கில் ரோட்டில் ஊறிய ஆயிலும் மணலும் தண்ணீரோடு சேர்ந்து சோப்பு மாதிரி ஆகிவிடும். ரவுண்டபவுட்டில் வளைக்கும்போது பின் சக்கரம் தானாக ஒரு பக்கம் போகும். தேங்கிய தண்ணீருக்குக் கீழே பள்ளம் இருக்கிறதா, மூடி இல்லாத குழி இருக்கிறதா என்று தெரியாது. ஊரில் ஐப்பசி மழையில் வண்டி ஓட்டிப் பழகிய நாங்களே இந்த ரோட்டு மழையில் தயங்குவோம்.

மழை நாளில் ஆர்டர் கூடும். சில நேரம் ஆர்டருக்கு இவ்வளவு கூடுதல் என்று ஆப்பில் காட்டும். அந்த எண்ணைப் பார்த்ததும் இளவட்டங்களுக்குக் கை துறுதுறுக்கும். காக்கா ரூம் வாசலில் நின்றுகொண்டு, "சாவியை இங்க வையுங்கடா. இருபது திர்ஹத்துக்கு யாரும் மையத்து ஆக வேணாம்" என்பார். அவருக்கு அந்த அதிகாரத்தை யாரும் கொடுக்கவில்லை. ஆனால் யாரும் மீறியதும் இல்லை.

ஆக, சகோதரிக்கு என் பதில். வெயிலில் தாராளமாகப் போடுங்கள். நீங்கள் போடாமல் விட்டால் ரைடர் நிழலில் உட்கார மாட்டார். அடுத்த ஆர்டர் தேடி இன்னும் தூரமான இடத்துக்குப் போவார். முடிந்தால் 12 மணிக்கு முன்னாலோ 3 மணிக்குப் பின்னாலோ வரும்படி போடுங்கள். மழை, மணல் புயல், மூடுபனி என்று எச்சரிக்கை வந்த நேரத்தில் போடவே போடாதீர்கள். மருந்து, குழந்தைக்குப் பால் பவுடர் மாதிரி அவசரம் என்றால் வேறு. பிரியாணி அவசரம் இல்லை. மழை நாளில் ஒரு ரசமும் அப்பளமும் போதாதா? அந்த நாள் எங்களுக்கு நஷ்டம்தான். ஆனால் ஆர்டர் நின்றால்தான் நாங்களும் நிற்போம். கூடுதல் காசைக் கண்ணில் காட்டிவிட்டு "வேண்டுமானால் ஓட்டாதே" என்பது நிஜமான தேர்வு இல்லை.

இன்னும் சில சின்ன விஷயங்கள், உங்களுக்குச் செலவே இல்லாதவை. லொகேஷன் பின்னைச் சரியாக வையுங்கள். வில்லா நம்பரும் எந்த கேட் என்பதும் எழுதுங்கள். முகமது பின் சாயித் சிட்டியில் ஒரே மாதிரி இருக்கும் நாற்பது கேட்டை வெயிலில் சுற்றுவதுதான் எங்களுக்குப் பெரிய தண்டனை. பைக் ஓடும்போது "எங்க இருக்கீங்க?" என்று போன் செய்யாதீர்கள். வந்து கூப்பிட்டால் உடனே எடுங்கள். இருபது லிட்டர் தண்ணீர் கேன், அரிசி மூட்டை எல்லாம் சாயங்காலத்துக்குத் தள்ளிப் போடுங்கள். லேட் ஆனால் ஒரு ஸ்டார் போடுவதற்கு முன்னால் ஜன்னல் வழியாக ஒருமுறை வெளியே பாருங்கள். அந்த ஒரு ஸ்டாரால் அடுத்த வார ஷிஃப்ட் கிடைக்காமல் போனவர்களை எனக்குத் தெரியும்.

உங்க கட்டடத்து வாட்ச்மேனிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள். சில இடங்களில் ரைடர் லாபியில் நிற்கக் கூடாது, சர்வீஸ் லிஃப்டில்தான் போகணும் என்பார்கள். லாபி ஏசியில் இரண்டு நிமிஷம் நிற்பது எங்களுக்கு மருந்து மாதிரி. குடும்பமாக இருக்கும் நீங்கள் கேட்டால் அவர் மறுக்க மாட்டார். கதவைத் திறக்கும்போது தண்ணீர் கொடுத்தால் ரொம்ப சந்தோஷம். லேசாக உப்புப் போட்ட மோரோ, லபான் பாக்கெட்டோ கொடுத்தால் இன்னும் நல்லது. வேர்வையோடு உப்பும் போகிறது, வெறும் தண்ணீர் அதை ஈடுகட்டாது.

இந்தப் பக்கத்தைப் படிக்கும் பைக்காரத் தம்பிகளுக்கும், அவர்களுடைய வீட்டாருக்கும் கொஞ்சம். எனர்ஜி டிரிங்க் தண்ணீர் ஆகாது. ஒரு லிட்டர் சுத்தமான தண்ணீரில் ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு, ஸ்பூன் தலையைத் தட்டி அளந்து போட்டால் வீட்டு ஓ.ஆர்.எஸ். ரெடி. காலையில் கரைத்து எடுத்துப் போங்கள், ராத்திரி மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். சர்க்கரை வியாதி, பிரஷர் இருந்தால் டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள். சிறுநீர் கெட்டி மஞ்சளாகப் போனால் உடம்பு தண்ணீர் கேட்கிறது என்று அர்த்தம். புதிதாக வந்தவர்கள் முதல் இரண்டு வாரம் முழு ஷிஃப்ட் ஓட்ட வேண்டாம், உடம்பு வெயிலுக்குப் பழக அவ்வளவு நாள் எடுக்கும்.

ஊரிலிருந்து கிளம்புவதற்கு முன்னால் பிரவாசி பாரதிய பீமா யோஜனா இருக்கிறதா என்று பாருங்கள். குடியேற்ற அனுமதி தேவைப்படும் பாஸ்போர்ட்காரர்களுக்கு அது கட்டாயம். இரண்டு வருஷத்துக்கு 275 ரூபாய், மூன்று வருஷத்துக்கு 375 ரூபாய். விபத்தில் உயிர் போனாலோ நிரந்தர ஊனம் ஆனாலோ 10 லட்சம். விசிட் விசாவில் வந்து இங்கேயே வேலை மாற்றிக்கொண்டவர்கள் பலரிடம் அது இல்லை. அந்தப் பேப்பரின் ஒரு நகல் வீட்டில் அம்மாவிடமோ மனைவியிடமோ இருக்கட்டும். நம்ம ஆட்கள் பேங்க் பாஸ்புக்கைப் பத்திரமாக வைப்பார்கள், இதைச் சூட்கேஸ் அடியில் மறந்துவிடுவார்கள்.

வீட்டார்களே, மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை மகனுக்குப் போன் செய்யாதீர்கள். அவன் எடுக்காவிட்டால் உங்களுக்குப் பதற்றம். எடுத்தால் அவனுக்கு ஆபத்து. ராத்திரி பேசும்போது "எவ்வளவு ஓட்டின?" என்று கேட்பதற்கு முன்னால் "எவ்வளவு தண்ணி குடிச்ச?" என்று கேளுங்கள். அறந்தாங்கித் தம்பியின் அம்மா இப்போது அப்படித்தான் கேட்கிறார். விஷயம் அவர் காதுக்கு எப்படிப் போனதோ தெரியவில்லை. காக்காவைக் கேட்டால் சிரிக்கிறார்.